மேடம் கொடுத்த படத்தட்டுகள்

31.10.86, வெள்ளி

காலையிலிருந்து மழை. தோட்டத்தில் ரப்பர் மரம் நனைந்துவிட்டது, பால் வெட்டு இல்லை. அப்பாவுக்கு மட்டும் வேலை உண்டு, புகைவீட்டில் ரப்பர் ஷீட் காய்கிறது, நெருப்பு அணையக் கூடாது.

எங்கள் பக்கம் வெள்ளிதான் பள்ளி லீவு. எங்கள் வீட்டிலேயே இருக்கிற சின்னம்மாவோடு, அம்மாவின் தங்கை, அவள் வேலை செய்யும் சுங்கை பட்டாணிக்குப் போனேன். பீடோங்கில் பஸ் மாறும்போது நனைந்தோம். துணி மடிக்க உதவி என்று பெயர். போவது படம் பார்க்க.

இங்கே எழுதலாம். வாயால் சொல்லக் கூடாது. சின்னம்மா வேலை செய்வது ஜப்பான்காரர் வீட்டில். அப்பாவிடம் சீன முதலாளி, தவுக்கே வீடு என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவின் அண்ணனை யுத்தக் காலத்தில் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஜப்பான்காரர்கள். பெரியப்பா திரும்பி வரவே இல்லை. வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் அப்பா சோற்றை விட்டு எழுந்துவிடுவார். (மோட்டார் சைக்கிள் மட்டும் ஜப்பான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.)

அந்த ஜப்பான் மேடம் வீட்டுப் படம் பார்க்கும் மெசினில் கேசட் போடுவதில்லை. தட்டு. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது, கண்ணாடி மாதிரி, சாய்த்துப் பிடித்தால் வானவில். லேசர் டிஸ்க் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. படங்கள் எல்லாம் அவர்கள் ஊர்ப் பழைய படங்கள், கறுப்பு வெள்ளை.

இன்று: படகுத்துறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காள். தங்கச்சி பட்டணம் போகிறாள். கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை. சின்னம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே தமிழில் வசனம் பேசினாள். அக்காள் மண்டியிட்டு, கண் கலங்கி, நீளமாக ஏதோ சொல்கிறாள். சின்னம்மா: "ஏண்டி, மீன் கொழம்புக்குப் புளி கரைச்சு வைன்னேனே, வச்சியா?" தங்கச்சி தலை குனிந்து ஒரே ஒரு வார்த்தை. சின்னம்மா: "மறந்துட்டேன்க்கா." மேடமும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமலே.

அந்தப் படத்தில் யாரும் கத்துவதில்லை. கோபம் வந்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறார்கள். காமிரா தரையில் உட்கார்ந்திருக்கிறது, நம்மைப் போல. ஆள் போன பிறகும் காலி நடையைக் கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள். ஏன் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் அக்காள் துறையில் தனியாக. படகு தூரத்தில். திரை கறுத்தது. முடிந்தது.

7.11.86, வெள்ளி

முடியவில்லையாம். போன வாரம் பார்த்தது பாதிதான். தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அன்று போன் வந்ததால் மேடம் திருப்பவில்லை. நான் வாரம் முழுக்க அதையே முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடத்தில்கூட.

மறுபக்கம்: தங்கச்சி பட்டுப்புடவை மாதிரி ஒன்று கட்டிக்கொண்டு திரும்பி வருகிறாள். கடையில் வேறு யாரோ. அக்காள் எங்கே என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு முதல் முடிவே போதும். சின்னம்மா சொன்னாள், "அதுக்குத்தான் புள்ள, எதுலேர்ந்தும் பாதியில எந்திரிச்சிடணும்."

மேடத்தின் வீட்டுக்காரருக்கு மாற்றல். மாதக் கடைசிக்குள் ஊருக்குப் போகிறார்கள். மெசின் கம்பெனிச் சாமான், அது வீட்டோடு இருக்குமாம். மேடத்தின் மலாய் என் மலாயைவிட மோசம். படகுத்துறைத் தட்டை அட்டையோடு என் மடியில் வைத்து, "ரீத்தா சுக்கா? சிம்பான்" என்றார். ரீத்தாவுக்குப் பிடித்திருக்கிறதா, வைத்துக்கொள். மெசின் இல்லாத வீட்டில் வைத்து என்ன செய்வது என்று மலாயில் சொல்லத் தெரியவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை.

சின்னம்மா தன் பிளாஸ்டிக் பையில், மரவள்ளிக்கிழங்குக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்தான், ஆமா?" ஆமா என்றேன்.

21.11.86, வெள்ளி

மேடம் போய்விட்டார். காலி வீட்டைக் கூட்டினோம்.

இப்போது என்னிடம் நான்கு தட்டுகள். தலைப்பு படிக்கத் தெரியாததால் நானே வைத்த பெயர்:
படகுத்துறை அக்காள்.
குடை தைப்பவர் (படம் முழுக்க மழை. நம் ஊர் மழை மாதிரி இல்லை, நேராக விழுகிறது).
ரயில் நிலையத்தில் காத்திருக்கும் டீச்சர்.
இன்னும் பார்க்காத படம்.

நான்காவதைக் கடைசி நாளில்தான் கொடுத்தார். மெசின் துணி போட்டு மூடியாயிற்று. அட்டையில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். என்றைக்காவது வேலைக்குப் போய் மெசின் வாங்கினால் முதலில் இது.

அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ராத்திரி ஜெனரேட்டர் நின்று விளக்கு அணைந்த பிறகு தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறேன். பயம்தான். அப்பாவின் இருமல் கேட்டாலே கையை எடுத்துவிடுகிறேன்.

6.12.86, சனி

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கிறிஸ்துமசுக்குச் சுண்ணாம்பு அடிக்க அப்பா அலமாரியை நகர்த்தினார். இன்று முன்னறைக்கு மட்டும் என்றல்லவா சொல்லியிருந்தார்.

நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தார். அட்டையில் ஒரு ஜப்பான் எழுத்தின் மேல் விரல் வைத்து "நோ" என்று படித்தார். சின்ன வயதில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஜப்பான்காரன் அறைந்து சொல்லிக்கொடுத்தானாம். அப்பாவுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"யார் குடுத்தா?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவள் தன் பிள்ளைக்கு, பாப்பாவுக்கு, சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"செலினு, உனக்கு ஏதும் தெரியுமா?" என்று சின்னம்மாவிடம் கேட்டார்.

"எனக்கென்னா தெரியும் அத்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு இன்னும் சொன்னாள்: "பீடோங் பஸ் ஸ்டாண்டுல யாராச்சும் பேசிப் பழகிக் குடுத்திருப்பான். இப்ப ஃபேக்டரிக்கு நிறைய ஜப்பான்காரனுங்க வந்திருக்கானுங்களே. வயசுப் புள்ள."

அப்பா பெல்ட் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலாம். என்னை யாரோ மாதிரிப் பார்த்தார்.

7.12.86, ஞாயிறு

அப்பா தட்டுகளைப் புகைவீட்டு அடுப்பில் போட்டுவிட்டார். நான்கும்.

துணி துவைக்கும் இடத்தில் சின்னம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "சொல்லிடுங்க சின்னம்மா." சட்டையைப் பிழிந்துகொண்டே பேசினாள். "சொன்னா நானும் பாப்பாவும் எங்க போறது? என் வீட்டுக்காரரு செத்ததுக்கு அப்புறம் உங்கப்பா வீட்டுலதான் சோறு. நீ மகள். ரெண்டு நாள் கத்துவாரு, விட்டுருவாரு. என்னை விடுவாரா?"

"அதுக்கு ஆம்பளை குடுத்தான்னு சொல்லணுமா?"

"வாயில வந்துருச்சு லா."

பாப்பா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

10.12.86, புதன்

தோட்டத்து ஆபீஸ் கிராணி அப்பாவைத் திட்டினாராம். தட்டு எரிந்ததில் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் நாற்றம், ஒரு கூடம் முழுக்கக் கழிவு. அப்பா அதையும் என் கணக்கில் எழுதிவிட்டார்.

தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர், என் காதுக்குக் கேட்கும்படி: "மாப்ள ஜப்பானாம்." "அப்ப கல்யாணத்துக்குப் பச்ச மீனா?" சிரிப்பு. வீட்டுக்குள் நடந்தது வெளியே எப்படிப் போயிற்று?

ராத்திரி அப்பா அம்மாவிடம் சொன்னார், நான் அங்கேயே இருக்கும்போது: "ஆள் யாருன்னு பேரச் சொல்லட்டும். இல்லாட்டி அடுத்த வருசம் பள்ளிக்கூடம் கிடையாது." அடுத்த வருடம் எனக்கு ஐந்தாம் படிவம். பெரிய பரீட்சை.

சொல்ல எந்தப் பெயரும் இல்லை. இருக்கிற ஒரு பெயரைச் சொன்னால் பாப்பா தெருவில்.

13.12.86, சனி

மாலை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் நாள். அம்மா, நான், சின்னம்மா. வரிசையில் சின்னம்மா எனக்கு முன்னால்.

வெகு நேரம் உள்ளே இருந்தாள். விசும்பல் கேட்டது. எனக்கு மனசு இளகிவிட்டது. சொல்லிவிட்டாள், இனி வீட்டிலும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது முகம் கழுவியது போலத் தெளிவாக இருந்தது. என் தோளைத் தொட்டுவிட்டுப் போய் முழங்காலில் நின்றாள்.

என் முறை. எதைச் சொல்ல? சின்னம்மா மேல் கோபம், சாமி என்றேன். "மன்னிச்சிடும்மா. பெரியவங்க அவங்க." பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார்.

பஸ்ஸில் சின்னம்மா பாப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கொண்டு வந்தாள். வீட்டில் அப்பா இருந்தார், கால் நீட்டிக்கொண்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு. அவள் தாண்டிப்போய்ச் சோறு வைத்தாள். கடவுளிடம் சொல்லியாயிற்று. அவளுக்கு முடிந்துவிட்டது.

14.12.86, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மேடம், மெசின், இஸ்திரி, மரவள்ளிக்கிழங்கு. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள், அப்பா வேலையில்.

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

எண்ணெய்ச் சத்தத்தில் தப்பாகக் கேட்டேனோ என்று மறுபடி கேட்டேன்.

"அவ அங்க வேலைக்குப் போன மொத நாள்லேர்ந்து தெரியும். நான்தான் தவுக்கே வீடுன்னு சொல்லச் சொன்னேன்."

"அப்ப அப்பாகிட்ட நீங்களாச்சும்..."

"சொன்னா எங்க ரெண்டு பேரையும் சேத்துப் பேசுவாரு. அவர் அண்ணன் விசயம்னா மனுசனா இருக்க மாட்டாரு. நீ என்னா, இன்னொரு வருசம் படிச்சாலும் வேலைக்குத்தான் போகப்போற." அப்புறம், அரிகரண்டியை நீட்டி, "இத எடுத்துக் காகிதத்துல வை. நொறுங்கிடாம."

வைத்தேன். ஒன்றும் நொறுங்கவில்லை.

குழாயடிக்குச் செய்தி எப்படிப் போனது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயம்.

16.12.86, செவ்வாய்

மழை விட்டு வெயில். என் புத்தகங்களை அப்பா கடைசி லயத்து வீட்டுத் தங்கையா மகளுக்குக் கொடுத்துவிட்டார். பூகோளம், வரலாறு. கணக்கு மட்டும் என் தலையணைக்கடியில் இருந்ததால் தப்பியது.

கண்ணை மூடிப் படகுத்துறைப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். அக்காள் வாயைத் திறந்தால் சின்னம்மாவின் குரல் வருகிறது. புளி கரைத்தாயா என்று. நிறுத்திவிட்டேன்.

18.12.86, வியாழன்

சாயங்காலம் சின்னம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை பின்னிவிடட்டுமா என்று கேட்டாள். கேட்டபடியே பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

"சனவரி மொத வாரம் அந்த வீட்டுக்குப் புது மேடம் வராங்க. சின்னப் புள்ளைங்க ரெண்டாம். இன்னொரு ஆள் வேணும்னு கம்பெனில கேட்டாங்க, நான் உன் பேரக் குடுத்துட்டேன். அத்தான்கிட்ட அதே தவுக்கே வீடுன்னு சொல்லிட்டேன். என்கூடத்தானே வரப்போற, சரின்னுட்டாரு. நான் உன்ன பாத்துக்குவேன்னு அவருக்கு நம்பிக்கை."

பின்னலை இறுக்கி ரப்பர் போட்டாள்.

"மெசின் அங்கதான் இருக்கு புள்ள. உனக்குப் பிடிக்குமேன்னுதான்."

உண்மையாகவே எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைக்கிறாள். முகத்தைப் பார்த்தேன், தெரிந்தது.

எந்த பஸ் என்று மட்டும் கேட்டேன்.

காலை முதல் பஸ்ஸாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற பஸ்.