சாயம் என்று நினைத்த நீலம்

திருப்பூர்,
14.9.2004

மருதாள் அண்ணிக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. கூப்பிட்டால் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையாவது முழுதாகப் படியுங்கள்.

உங்கள் தம்பி என்னை விட்டு அமராவதி நகருக்கு, உங்கள் வீட்டுக்கு வந்து முப்பத்தாறு நாள் ஆகிறது. “மாத்திரைய நிறுத்துனதுல இருந்து அவனுக்குப் படபடப்பே இல்ல கண்ணு. உன்ற மாத்திரைதான் வெசம், என்ற கசாயந்தான் மருந்து” என்று போன வாரம் சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். கசாயத்துக்கு இதில் பங்கில்லை. அவர் சாப்பிட்டு வந்த மாத்திரை, அமியோடரோன், நிறுத்திய மறுநாளே உடம்பை விட்டு வெளியேறிவிடும் மருந்தல்ல. உடம்புக் கொழுப்பில் தங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லக் குறையும். அவரை இன்று காப்பது அவர் விழுங்க மறுக்கும் மாத்திரையின் மிச்சம். அது எந்த நாளில் தீரும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன் சாயப்பட்டறையில் அவர் மயங்கி விழுந்தது நினைவிருக்கும். பழைய மாரடைப்பு இதயத்தில் விட்ட தழும்பைச் சுற்றி மின் அலை சுழன்று, இதயம் நிமிடத்துக்கு இருநூறு முறை துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயச் செல்கள் சிறிது நேரம் அடுத்த தூண்டலை ஏற்காது. மாத்திரை அந்த ஓய்வை நீட்டுகிறது. தவறாகச் சுற்றி வரும் அலை, ஓய்வில் இருக்கும் செல்லில் மோதி அணைந்துவிடும். உங்கள் கசாயம் இதைச் செய்யுமா?

முகமும் கையும் நீலம் பாரித்ததும் அதே மாத்திரையால்தான், வெயில் படும் இடங்களில். மறுக்கவில்லை. ஆனால் சாயப்பட்டறைக்காரர் முகத்தில் நீலம் கண்டால் இந்த ஊரில் யார் மாத்திரையைச் சந்தேகிப்பார்கள்? “மொதலாளி, துணிக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சீங்களா?” என்று ஆட்கள் சிரித்தார்கள். சாயந்தானுங்க என்று டாக்டரிடம் அவரே சொன்னார். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நானும் ஒரு வருடம் நம்பினேன். தேங்காய் நாரைக் கையில் கொடுத்து, தேய்த்துவிட்டு வந்தால்தான் சாப்பாடு என்றேன். கல்லூரி ஆண்டு விழாவுக்கு இந்த முகத்தோடு வர வேண்டாம் என்றேன். மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் கண்டுபிடித்துச் சொன்ன அன்றே அதை விழுங்குவதை நிறுத்தினார். மறுநாள் பஸ் ஏறிவிட்டார். நான் நாரைக் கொடுத்ததையும் விழாவுக்கு வர வேண்டாம் என்றதையும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

வேறு மருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்து, ஈசிஜி பார்த்துக்கொண்டே மாற்ற வேண்டும். வியாழக்கிழமை கார் வரும். அவரை ஏற்றிவிடுங்கள். காரில் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். குளியலறையில் கிடந்த நாரை எறிந்துவிட்டேன். அதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி,
சித்ராதேவி