ஒரே முகம், இரண்டு பித்தப்பை

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காமல் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

சாப்பிட்டதும் வலப்பக்கம் பிடித்துக்கொள்கிறது என்று மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல் என்பது உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்குத் தன் உடம்பில் எரிகிற சிவப்பு விளக்கு மட்டும் தெரியவில்லையா?

உனக்கு இன்சூரன்ஸ் கிடையாது. இப்போது எடுத்தாலும், ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். பிஸ்கட் கம்பெனியில் எனக்குக் கொடுத்த கார்டோ கைப்பையில் சும்மா தூங்குகிறது. நீ கிளம்பி வா. என் பெயரில் அட்மிட் ஆகிவிடு. அதே முகம், அதே பிறந்த தேதி. பெற்ற அம்மாவே ஒருத்தியை இரண்டு தடவை குளிப்பாட்டி, இன்னொருத்தியை விட்டவள். எந்த நர்ஸ் கண்டுபிடிக்கப் போகிறாள்?

பத்து நிமிடம் முந்திப் பிறந்தவள் சொல்கிறேன். இந்த ஒரு தடவையாவது அக்கா என்று கூப்பிட்டு, சொன்ன பேச்சைக் கேள்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள பெரியவளுக்கு,

படித்துவிட்டு அழுதேன், அப்புறம் சிரித்தேன். எனக்காகப் போலீஸில் மாட்டிக்கொள்ளவும் தயாராக இருக்கிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான். ஆனாலும் வரமாட்டேன்.

உன் பெயரில் நான் போய்ப் படுத்தால், ஆஸ்பத்திரிக் கணக்கில் போவது உன் பித்தப்பை. நாளைக்கு உனக்கே வலி வந்தால்? கூடப் பிறந்தவர்களுக்கும் இந்தக் கல் வரலாம் என்கிறார் டாக்டர். "போன வருஷமே எடுத்தாச்சே, மறுபடி எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்று இன்சூரன்ஸ்காரர் கேட்டால் என்ன சொல்வாய்?

இன்னொன்று. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, உனக்கு இல்லை. மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் அதை மறைத்தால் என் உயிருக்கு ஆபத்து. சொன்னால் என் சர்க்கரையை உன் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஆளே இல்லாத தெருவிலும் இண்டிகேட்டர் போடச் சொல்லித் தருகிறவள் நான். பொது மருத்துவமனையில் பெயர் கொடுத்திருக்கிறேன். வரிசை நீளம்தான். அதுவரை எண்ணெய்ப் பலகாரம் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

சின்னவள்

மார்ச் 16

சின்னவளுக்கு,

என் உதவி உனக்குக் கசக்கிறது. வரிசையில் நிற்கும்போதே உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், உன் இண்டிகேட்டரா வந்து என் கண்ணீரைத் துடைக்கும்? பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி நான் எழுதப்போவதில்லை.

மே 20

அன்புள்ள பெரியவளுக்கு,

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சர்க்கரையை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கத்தியையே தொட்டார்கள். வார்டில் மின்விசிறி ஆடிய ஆட்டத்தில் எனக்குத் தூக்கமில்லை. நான் விட்ட குறட்டையில் தன் தூக்கம் போனதாகப் பக்கத்துக் கட்டில்காரி சொல்கிறாள். யாரை நம்புவது?

கண்ணாடியைப் பார்த்தால் நீ முறைக்கிற மாதிரியே இருக்கிறது. திட்டியாவது இரண்டு வரி போடு.

சின்னவள்

ஆகஸ்ட் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பயப்படாதே, கண்டம் தாண்டிவிட்டது.

போன வாரம் பாக்கிங் பிரிவில் நிற்கும்போது வலப்பக்கம் பிடித்தது. உனக்கு வலித்த அதே இடம். வாயு என்று சோடா குடித்தேன். காய்ச்சல் ஏறியதும் கூட வேலை செய்கிறவர்கள் என்னை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கல் அடைத்துப் பித்தப்பை சீழ் பிடித்திருந்தது.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா? சர்க்கரை உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டும் இல்ல டாக்டர்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். வலியில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். என் ஃபைலில் என்னைத் தவிர யாரும் இல்லை, சின்னவளே. அன்றைக்கே இன்சூரன்ஸ் அனுமதி வந்தது, அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். "இன்னும் ஒரு நாள் போயிருந்தா ரொம்பக் கஷ்டம்" என்றார் டாக்டர். உன் பித்தப்பையை என் பெயரில் எடுத்திருந்தால், கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே அந்த ஒரு நாள் போயிருக்கும்.

அவ்வளவு வலியோடு, அவ்வளவு நீள வரிசையில் நீ நின்றது உன் நல்ல பெயருக்காக என்று நினைத்துத் திட்டினேன். எனக்காகவும்தான் நின்றிருக்கிறாய். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. வார்டில் எல்லோரிடமும் உன் கதையைச் சொல்லிவிட்டேன். ஒரு நர்ஸ் உன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

நம்மில் யார் முதலில் வந்தோம் என்பது யாரோ கடிகாரம் பார்த்துச் சொன்னது. இந்தத் தையல் பிரிக்கும் வரை பெரியவள் என்கிற பட்டத்தை நீ வைத்துக்கொள். அப்புறம் திருப்பித் தந்துவிட வேண்டும், அக்கா.

உன் தங்கை