பாதியில் நின்ற சடை

ஆடி 2, சனி

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. நேற்று எட்டாம் வகுப்பில் போர்டில் நாலு வரி எழுதுவதற்குள் வலது கை மரத்துப்போனது. சுண்டுவிரலில் எறும்பு ஊறல். சாக்பீஸ் கீழே. ஆறு மாதமாக இதே கூத்து.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம். கடைசியில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "சீசன்லா டீச்சர்! மெயினருவியில பத்து நிமிசம் தோளக் குடுங்க. எல்லாம் சரியாப் போவும்."

ஆடி 3, ஞாயிறு

புத்தி கெட்டுக் குற்றாலம் போனேன். எண்ணெய் தேய்த்து, தண்ணீர் தலையில் அறையாமலிருக்க இரண்டு கையையும் உச்சியில் கோத்து நின்றேன். வெளியே வந்தால் கையே இல்லாத மாதிரி. ஜாக்கெட் ஊக்கைக்கூட யாரோ ஒரு கேரளத்து அம்மாள்தான் மாட்டிவிட்டார். அழுகையும் ஆத்திரமும்.

சிறுவயதில் இதே அருவி. குளித்ததும் ஈரத் தலையோடு அக்கா மடியில் சாய்வேன். என்ன சுகம்!

ஆடி 5, செவ்வாய்

தென்காசியில் எலும்பு டாக்டர். எக்ஸ்ரே. "கழுத்துல ஒரு விலா எலும்பு கூடுதலா இருக்கு. பிறவியிலேயே உள்ளது. கைக்குப் போற நரம்ப அமுக்குது. கையத் தூக்குனா இன்னும் அமுக்கும்." அருவி விஷயம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். மூன்று மாதம் பயிற்சி. கேட்காவிட்டால் ஆபரேஷன். பயம்.

"வீட்ல வேற யாருக்கும் உண்டா? சில குடும்பத்துல வரும்."

"இல்ல" என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அக்கா.

ஆடி 6, புதன்

வாங்க வேண்டியது: தாழ்ந்த தலையணை, பால், ரீசார்ஜ்.

அக்காதான் எனக்குத் தினமும் சடை பின்னுவாள். தேங்காய் எண்ணெய், பிச்சிப்பூ வாசம். ஒரு சடை முடிந்ததும் கையைத் தொங்கப்போட்டு உதறுவாள். "ஏட்டி, கொஞ்சம் இரு, கை கடுக்குது." நான் அம்மாவிடம் ஓடுவேன்: "இவ வேணும்னே செய்யுதா!" அம்மா அவள் முதுகில் ஒன்று வைப்பாள். நான் சிரிப்பேன். வீட்டில் அவள் பெயரே சோம்பேறி. தையல் கிளாஸ் கேட்டாள்; அனுப்பவில்லை.

சை, நானெல்லாம் ஒரு தங்கச்சி.

ஆடி 10, ஞாயிறு

இலத்தூர், அக்கா வீடு. ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னேன். அவள் வலது கட்டைவிரலடியில் சதை வற்றியிருக்கிறது. இத்தனை வருஷம் நான் பார்க்கவேயில்லை.

படத்தை வாங்கி அந்தக் கூடுதல் எலும்பை விரலால் தடவினாள். "அப்ப நான் சோம்பேறி இல்லியா ஏட்டி?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வருகிற செவ்வாய் டாக்டரிடம் வருகிறாளாம். "அம்மா இருந்தா இந்தப் படத்தக் காட்டிருக்கலாம்" என்றாள்.

கிளம்பும்போது, "திரும்பு, தல பறக்குது" என்று பின்ன ஆரம்பித்தாள். பாதியில் கை விழுந்தது. மீதியைப் பின்ன என் கையும் ஏறவில்லை.

அப்படியே பஸ் ஏறினேன்.