சின்னையனின் வாக்குமூலம்

கடலூர்,
12-3-1966

அன்புமிக்க மகள் அமராவதிக்கு அப்பா எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் நீங்கலாக என்று சேர்த்துக்கொள். லண்டனில் குளிர் தணிந்ததா, ஆஸ்பத்திரி வேலையில் உனக்கு நேரத்துக்குச் சாப்பிட முடிகிறதா என்று உன் அம்மா தினமும் கேட்கிறாள்.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலைக் கெடுக்கிறது என்று அங்கே வெளிவந்த மருத்துவக் கட்டுரையை நீ ஞானசேகரனுக்கு அனுப்பியிருக்கிறாய். என்னிடம் ஆறு வருஷம் ஜூனியராக இருந்து, பிராதில் தேதி போட மறந்து திட்டு வாங்கி, இப்போது சிதம்பரத்தில் தனியாக வக்கீல் பலகை மாட்டியிருக்கும் அதே ஞானசேகரனுக்கு. எனக்கு ஒரு பிரதிகூட இல்லை. துறைமுகக் கிடங்கில் கல்நார் மூட்டை இறக்கி மாண்டவர்களின் குடும்பங்களைத் திரட்டி, அந்தச் சரக்கு இனி இங்கே இறங்கவே கூடாது என்று கலெக்டருக்கு அவன் மனு கொடுத்திருக்கிறான். மனுவில் இரண்டு இடத்தில் பிழை. ஆனாலும் கோர்ட்டில் அவன் பேச்சுதான். டவாலி உத்திராபதிகூட, "நம்ம ஜூனியர்தானுங்களே, ஐயாவுக்குப் பெருமையா இருக்கும்" என்றான். இருக்கிறது என்றேன். அது உண்மையன்று.

நம் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சம்மாளை உனக்குத் தெரியும். அவள் கணவன் சின்னையன் 1962இல் மூச்சிரைக்க என் அறைக்கு வந்தான். கிடங்கு வேலையைப் பற்றி அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கினேன். கட்டைவிரலில் மை தடவியவன் ஞானசேகரன். இருபதாம் நாள் சின்னையன் இறந்தான்; சான்றிதழில் க்ஷயரோகம் என்றிருந்தது. வைத்திய ஆதாரம் இல்லை, வழக்கு நிற்காது என்று அஞ்சம்மாளிடம் சொல்லி, வழக்குக் கட்டை மூடினேன். அன்றைய நிலையில் அந்த அபிப்பிராயம் சரியே. இப்போது நீ அனுப்பிய கட்டுரையோடு ஞானசேகரன் வந்து, இறந்தவன் தன் சாவின் காரணம் பற்றிச் சொன்னது சாட்சியச் சட்டம் முப்பத்திரண்டாம் பிரிவின்படி செல்லுமே, அந்தத் தாள் வேண்டும் என்றான். தேடிப் பார்க்கிறேன் என்றேன். அது பீரோவின் இரண்டாம் தட்டில் இருந்தது, எனக்குத் தெரியும். பத்து நாள் தேடிக்கொண்டிருப்பதாகவே சொல்லி அனுப்பினேன். என் கையெழுத்தில் உள்ள தாளைக் கொண்டு அவன் பெயர் வாங்குவதா என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

பதினோராம் நாள் அஞ்சம்மாள் வந்தாள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில், திதி கொடுத்தபின் கிடங்கில் உழைத்து இறந்தவர்களின் பெயர்களைப் படிக்கப்போகிறார்கள், நானும் வரவேண்டும் என்றாள். பிறகு, "காயிதம் கெடைக்கலியேன்னு வக்கீல் தம்பி கவலப்பட்டுது. நான் சொல்லிட்டேன், ஐயா ஒரு துண்டுச் சீட்டக்கூட தொலைக்க மாட்டாரு, எங்க வூட்டுக்காரரு சொன்னதெல்லாம் ஐயாகிட்ட பத்திரமா இருக்கும்னு" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய்த் தாளைக் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று ஞானசேகரன் கேட்கவில்லை. எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தான். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

மகத்தன்று போனேன். பதினொரு பெயர்களை, இறந்த தேதியோடு ஞானசேகரன் படித்தான். பின்பு சின்னையன் சொன்னதை: "மூட்டையத் தூக்கினா மாவு மாதிரி கொட்டும். வெள்ளையா வூட்டுக்குப் போனா பொஞ்சாதி சிரிப்பா. காலிச் சாக்க ஒதறி அதுமேலதான் கருவாடு காய வச்சோம்." அஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அவுரு பேசுறாப்லயே இருக்குது என்றாள். எல்லாரும் ஞானசேகரனைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் தேதிகளைக் குறித்துக்கொண்டு நின்றேன். பதினொருவரில் நால்வர், நான் கட்டை மூடிய பிறகு இறந்தவர்கள். அங்கே யாரும் அதைக் கணக்கிடவில்லை. நீ அங்கே இருந்திருந்தால் கணக்கிட்டிருப்பாய். எனக்கு எழுதாமல் அவனுக்கு ஏன் எழுதினாய் என்று கேட்கவே இன்று உட்கார்ந்தேன்; இனிக் கேட்கவில்லை.

திருவந்திபுரம் பெருமாள் உன்னைக் காப்பார். தீர்க்காயுசாக இரு. கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. இதுபற்றி இனி வரும் கட்டுரைகளையும் அவனுக்கே அனுப்பு. எனக்கு ஒரு பிரதி போதும். மனுவின் இரண்டு பிழைகளையும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

உன் தந்தை,
கொளஞ்சியப்பன்