மாமியின் கொழும்பு மணல்

மாமி,

இன்றைக்கும் மழை. காலையிலிருந்து விடாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே போக வழியில்லாமல் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே ஒன்றையொன்று பிறாண்டிக்கொண்டு இருந்தார்கள். கொஞ்சம் கச்சான் கடலை வறுத்துக் கொடுத்தாலாவது வாய் அடங்கும் என்று அடுப்பை மூட்டினேன். தாச்சியில் மணலைக் கொட்டி, அது சூடேறத் தொடங்கியதும் ஒரு வாசனை வந்தது. கச்சானை இன்னும் போடவில்லை. வெறும் மணலின் வாசனைதான். உப்பும் வெயிலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், "கொழும்பு வந்துட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். பெட்டியை எடுக்கச் சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் கொள்ளுப்பிட்டியில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் பிறந்தவர். கண்டிக்குப் பக்கத்தில் மடவளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பிள்ளை பெற்று, மாமாவை இங்கேயே அடக்கிவிட்டு, அத்தனை காலமும் இந்த ஊர்க் குளிருக்கு ஏசிக்கொண்டே இருந்தவர். உங்கள் ஒரே மகனுக்கு மனைவியாக நான் திகனயிலிருந்து வந்தபோது, நீங்கள் என்னிடம் முதலில் சொன்னது சமையலைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அல்ல. "மவள், நான் மவுத்தாகினா கொழும்புலதான் அடக்கணும். எங்க உம்மாட கபுருக்குப் பக்கத்துல. இங்க ஏலா" என்றீர்கள். புதுப்பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது.

ஆனால் நம் வழக்கத்தில் உயிர் பிரிந்த இடத்தில்தானே, அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். கொழும்பு மண்ணில் கிடக்க வேண்டுமென்றால் கொழும்பில் இருக்கும்போதே மவுத்து வர வேண்டும். இதை எல்லாரையும்விட நன்றாக யோசித்து வைத்திருந்தவர் நீங்கள். அதனால்தான் வருஷா வருஷம் சித்திரை வெயில் ஏறியதும், உங்கள் மகன் கண்டியிலிருக்கும் புடவைக்கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, உங்களைக் கொழும்பிலிருக்கும் உங்கள் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. புறக்கோட்டையில் சரக்கு எடுக்கிற வேலையும் அதோடு முடியும் என்று அவர் பேசாமல் இருந்துவிடுவார். பெட்டியின் அடியில், அடக்கும்போது உடுத்துகிற கபன் துணியை மடித்து வைத்திருப்பீர்கள். புறப்படுவதற்கு முன் ஊரில் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்பு செய்ங்க, திரும்பி வருவனோ என்னவோ" என்று கண் கலங்குவீர்கள். முதல் வருஷம் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். நான் வந்த காலத்தில் எதிர்வீட்டு ராத்தா வாசலிலேயே கேட்டாள்: "சாச்சி, போன வருஷம் செஞ்ச மாப்பே இன்னும் செலவாகல்லயே?"

நீங்கள் அதற்கும் கோபப்படவில்லை. "அப்ப அதையே வச்சிக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனீர்கள்.

என்னையும் உடன் கூட்டிப்போனது உங்களுக்குத் துணையாகத்தான். எனக்கு அதில் துளிகூட இஷ்டமில்லை. தண்ணீர் என்றால் மகாவலி, வெயில் என்றால் மிளகு காயப்போடும் அளவுக்கு வெயில், இதற்கு மேல் எதுவும் எனக்குத் தெரியாது. பயணம் என்றால் கம்பளி எடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் பழக்கம். இரண்டு கம்பளியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். சித்திரை மாதத்தில் கொழும்புக்குக் கம்பளி! கட்டுகஸ்தோட்டை ஸ்டேஷனில் நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். தம்பி வீட்டில் போய் இறங்கியதும்தான் கூடத்தில் எல்லாருக்கும் நடுவில் அதை விரித்துக் காட்டினீர்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதே நாள் நீங்கள் குளிப்பதற்குச் சுடுதண்ணீர் கேட்டீர்கள். "இந்த வெயில்ல சுடுதண்ணியா, மதினி?" என்று உங்கள் தம்பி மனைவி வாயைப் பிளந்தார். "ஒரு வருஷத்துக் குளிர ஒடம்புல இருந்து எறக்கணும்" என்றீர்கள். அப்போது நான் சிரித்தேன். நமக்குள் சிநேகம் தொடங்கியது அந்தச் சிரிப்பில்தான் என்று நினைக்கிறேன்.

பேராதனைச் சந்தியில் வண்டி மாறுவோமே, நினைவிருக்கிறதா? எதிர்ப் பக்கத்தில் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற வண்டி நிற்கும். துரைமாரும், பெரிய குடும்பத்து ஆட்களும், நாய்களும், ஆயாமாரும், கம்பளிச் சட்டைகளுமாக அது நிரம்பி வழியும். நம் வண்டியில் காற்றோட்டமாக உட்காரலாம். நீங்கள் முக்காட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "பாத்தியா மவள், சும்மா கெடைக்கிற வெயில உட்டுப்போட்டுக் காசு குடுத்துக் குளிர வாங்கப் போறாங்க" என்பீர்கள். ரம்புக்கனையில் மலை இறக்கம் முடியும். அங்கே சால்வையைக் கழற்றி மடியில் வைப்பீர்கள். திரும்பி வரும்போது அதே ரம்புக்கனையில் ஒரு பெருமூச்சோடு அதைப் போர்த்திக்கொள்வீர்கள்.

கொழும்பு வெயிலை அனுபவிக்க முடியும் என்று எனக்குக் காட்டியது நீங்கள்தான். முதல் வாரம் முழுவதும் நான் முனகினேன். முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி நுளம்பு, பகலில் காகம். நீங்களோ அந்த வெக்கையில் பூத்துப் போனீர்கள். பதினொரு மணிக்கு மேல் யன்னல்களைச் சாத்தி, தரையை நனைத்து, குளிர்ந்த சீமெந்தில் பாய் இல்லாமல் படுக்க வேண்டும் என்றீர்கள். மாம்பழத்தை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, பின்னேரம் அசர் தொழுத பிறகுதான் தொட விடுவீர்கள். மரத்தூளில் பொதிந்து ஐஸ்கட்டி வந்து இறங்கியதும், உடைத்த சில்லில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். நான் கத்தினேன். "இதுதான் நம்ம ஊரு" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

ட்ராம் வண்டியை மறக்க முடியுமா? கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை போய், அங்கே இறங்க மறுத்துவிட்டீர்கள். "இங்க எனக்கு யாரும் இல்ல, எறங்கி என்ன செய்ய?" என்று அதே வண்டியிலேயே உட்கார்ந்து திரும்பி வந்தோம். பொழுது சாயும்போது உங்கள் தம்பியின் காரில் திரை கட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போவோம். கார் நின்றதும் கடற்காற்று திரையை அப்படியே தூக்கிவிடும். நான் பதறிப்போய் இழுப்பேன். "உடு மவள், காத்துக்குக் கோஷா தெரியுமா?" என்பீர்கள். புல்லில் ஓடும் பிள்ளைகளையும், தூரத்தில் விளக்கேற்றிக்கொண்டு நிற்கும் கப்பல்களையும் அப்படித்தான் நான் பார்த்தேன். மடவளையில் ஒரு வேலிக்கு அப்பால் உள்ளதைப் பார்க்கவே நமக்கு எத்தனை காரணம் சொல்ல வேண்டும்!

ஆனாலும் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது அந்த விடிகாலைகள்தான். சுபஹு தொழுதுவிட்டு, ஆண்கள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், ஒழுங்கையால் நடந்து ரயில் பாதையைக் கடந்து நாம் இருவரும் கடலுக்கு இறங்குவோம். முட்டளவு தண்ணீரில் நின்று, அலை வந்து இழுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அப்படி நிற்கும்போதுதான் கேட்டேன், ஏன் மாமி இங்கேயே அடக்க வேண்டும் என்கிறீர்கள் என்று.

நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஒங்க மாமாவ அடக்கின அன்டைக்கு மழை. வெட்ட வெட்டக் குழிக்குள்ள தண்ணி ஊறிச்சாம். ஆம்புளைங்க பேசிக்கிட்டது என் காதுல உழுந்துட்டு. அந்தக் குளிருக்குள்ள அவரு போனாரு. எனக்கு ஏலா, மவள். எனக்குப் பயம்."

அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் எதற்கும் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு நீங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் மணல் அள்ளிக்கொண்டீர்கள். கச்சான் வறுக்க மகாவலி மணல் சரிவராது, சேறு மணக்கும் என்றீர்கள்.

வெயில் தணிந்து, மழை வரும் என்று வானம் கறுத்ததும் ஊர் திரும்புவோம். சாகப் போனவர் கறுத்து, உடம்பு வைத்து, பெட்டி நிறையச் சாமான்களோடு வருவீர்கள். ஒரு வருஷம் நீங்கள் வாங்கிய பீங்கான் கோப்பைகள் வழியில் உடையாமல் இருக்க அந்தக் கபன் துணியையே சுற்றி வைத்திருந்தீர்கள். உங்கள் மகன் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். "சும்மாதானே கெடக்கு" என்று சொல்லிவிட்டு, துவைத்து, மடித்து, மறுபடியும் அலுமாரியில் வைத்தீர்கள்.

பிறகு அந்த மார்கழி. இப்போது பெய்கிற மாதிரியே மழை. நெஞ்சில் சளி கட்டி நீங்கள் படுத்துவிட்டீர்கள். இனி தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனதும், உங்கள் மகன் கட்டிலருகில் வந்து முழந்தாளிட்டார். "உம்மா, கார் புடிச்சி வச்சிருக்கேன். மெதுவாப் போவோம். கொழும்புக்குப் போவோம்" என்றார். நான் பெட்டியை எடுக்க எழுந்தேன்.

நீங்கள் வேண்டாமென்று கையசைத்தீர்கள். "இப்ப போனா கடலுக்கு எறங்க ஏலா. ட்ராமுல ஏற ஏலா. கூடத்துல படுத்துக்கிட்டு முகட்டப் பாக்கவா அவ்வளவு தூரம் போற? அதுக்கு இங்கேயே கெடக்கலாம்" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "சித்திர வரட்டும்" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மாமி. சாவதற்கு என்று சொல்லிக்கொண்டு நீங்கள் ஒரு வருஷமும் அங்கே சாகப் போகவில்லை. மறுநாள் பகலிலேயே போய்விட்டீர்கள். அந்த முறை யாரிடமும் மாப்பு கேட்கவில்லை. எதிர்வீட்டு ராத்தா உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, "முன்ன கேட்டதே போதும் சாச்சி, போதும்" என்று அழுதுகொண்டே இருந்தாள்.

உங்களைக் குளிப்பாட்டப் பின்வளவில் கிடாரத்தில் தண்ணீர் காய்ச்சினார்கள். உங்களுக்குப் பிடித்த சூடு இருக்கிறதா என்று நான்தான் கையை விட்டுப் பார்த்தேன். குளிப்பாட்டிக் கபனிட்டு முடிந்தது. வெளியே மழை விடவில்லை. மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. குழி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவராது. ஆனால் நீங்கள் கடலில் நின்று சொன்னது மட்டும் காதை விட்டுப் போகவில்லை. குசினிக்குள் போய்ப் பிஸ்கட் டின்னை எடுத்தேன். கிடாரம் இறக்கிய அடுப்பில் தணல் இருந்தது. தாச்சியை வைத்து, உங்கள் மணலைக் கொட்டி வறுத்தேன்.

பின்வாசலில் உங்கள் நாத்தனார் வந்து நின்றார். "மையத்து ஊட்டுல கச்சானா வறுக்கப் போற?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு அவருக்கும் எனக்கும் உறவு அறுந்திருக்கும். மணலை ஒரு லேஞ்சியில் முடிந்து, உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கப் போன உங்கள் மகனின் கையில் வைத்தேன். "மூணு பிடி மண் போடுவீங்கல்ல, அதுல ஒரு பிடி இது" என்றேன். அவர் முடிச்சைச் சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு போனார்.

அந்த டின்னில் மிஞ்சியதும், பிறகு நான் அள்ளிச் சேர்த்ததும்தான் இன்றைக்குத் தாச்சியில் கிடக்கிறது. ஆமாம் மாமி, சித்திரை வந்தால் நாங்கள் போகிறோம். கம்பளி எடுப்பதில்லை. ரம்புக்கனையில் என் சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறேன். வெயிலை வெயிலாகவே ரசிக்கத் தெரிந்த ஒரு மனுஷியோடு இருக்கக் கிடைத்ததற்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லாத வருஷமில்லை. உங்களிடம் நேரில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அன்றைக்கு மையவாடியிலிருந்து நனைந்து வந்த உங்கள் மகன், வாசலிலேயே நின்று தன் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தார்.

"பாரு," என்றார். "போடுறப்ப இன்னும் சூடாத்தான் இருந்திச்சு."