இரண்டரை மணிக்கு வரும் போன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே எந்நேரமும் நினைப்பு. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நான் ஓட்டும் பள்ளிக்கூட வேனுக்கு இரண்டு டயர் புதிதாகப் போட்டாயிற்று. உன் அறையில் அம்மா தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ராஜ்ஜியம் நடத்துகிறாள், உன் கட்டிலை மட்டும் யாரையும் நகர்த்த விடுவதில்லை.

போன வாரம் பொடியனைப் பற்றி நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "அஞ்சு மணிக்கே எழுந்து உக்காந்துக்கறான்பா, ஆபீஸ்ல கண்ணு சொக்குது, மேனேஜரே கூப்பிட்டுக் கேட்டுட்டாரு" என்றாய். மாப்பிள்ளை இரவு ஷிப்ட் முடிந்து வருவதற்குள் நீ ஒருத்தியே அல்லாடுகிறாய். நானும் பெரிய மேதாவி மாதிரி, நேரம் கழித்துத் தூங்க வை, தானாக நேரம் கழித்து எழுந்திருப்பான் என்றேன். பத்து மணிக்குப் படுக்கவைத்தும் ஐந்துக்கே எழுந்து நாள் முழுக்கச் சிணுங்கினானாம். உன் அப்பன் யோசனையின் லட்சணம் அவ்வளவுதான்.

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன், அவள் மூன்று பிள்ளை வளர்த்தவள். "கண்ணு முழிச்சதும் முதல்ல எதைப் பாக்கறான்?" என்று கேட்டாள். என்னைத்தான் என்றேன், பெருமையாக. நீ சமாளிக்க முடியாமல் போனை அவன் கையில் கொடுக்கிறாய், அங்கே விடிகாலை ஐந்து என்றால் இங்கே பகல் இரண்டரை, நான் பள்ளிக்கூட வாசலில் வேனை நிழலில் நிறுத்திக் காத்திருக்கிறேன், அவன் 'பாம் பாம்' என்கிறான், நான் ஹாரன் அடிக்கிறேன், அங்கே அவன் கட்டிலில் குதிக்கிறான், இங்கே வாட்ச்மேன் என்னை முறைக்கிறார். ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்புறம் எப்படிண்ணே தூங்குவான்? தினமும் நீங்களே ஆசை காட்டி எழுப்பிட்டு, பொண்ணுக்குத் தூக்கம் இல்லன்னு அழறீங்களே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். போன மாதம் ஒருநாள் அவன் ஏழு மணி வரை தூங்கினான், அன்றைக்குப் போன் வரவில்லை. நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாட்ச்மேன் வேன் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து நிற்பதே தெரிந்தது. மறுநாள் மறுபடியும் ஐந்துக்கே எழுந்துவிட்டான் என்று நீ அலுத்துக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்ற மகள் கண் வீங்கி நிற்கிறாள், அப்பனுக்குச் சந்தோஷம். வெட்கமாக இருக்கிறதம்மா. ஆனால் அவன் பிறந்து இரண்டு வருஷத்தில் நான் அவனை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை, எனக்குப் பேரன் என்றால் அந்த அரைமணி நேரம்தான்.

இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து இரண்டரை மணிக்கு நான் போனை எடுக்கமாட்டேன். நீயும் போனைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுப் படு. ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை போடு, எட்டு மணிக்கெல்லாம் படுக்க வை, விடியுமுன் எழுந்தால் விளக்கைப் போடாதே, பேச்சுக் கொடுக்காதே, இருட்டிலேயே பக்கத்தில் இருந்து தட்டிக்கொடு. இரண்டு வாரம் அடம்பிடிப்பான், பிறகு வழிக்கு வந்துவிடுவான் என்கிறாள் ஆயா. ஞாயிற்றுக்கிழமை அவன் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு கூப்பிட்டால் போதும். அதற்குள் என் முகம் மறந்துவிடுமோ என்று அம்மாவிடம் கேட்டேன். "மறந்தா மறுபடி அறிமுகம் பண்ணிக்குங்க, முதல்ல என் பொண்ணு தூங்கட்டும்" என்றாள். சாதாரணத் தபால் சேரப் பத்து நாள் ஆகும் என்றார்கள், அதுவரை அவனோடு பேசக் கிடைக்குமே என்று ஒரு நிமிஷம் சபலப்பட்டேன், பிறகு விரைவுத் தபாலிலேயே அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே. அவன் என்னைத் தேடி அழுதால் எனக்குச் சொல்லாதே, சொன்னால் போனை எடுத்துவிடுவேன். தேடுவதை நிறுத்திவிட்டால், அதையும் கொஞ்ச நாள் கழித்தே சொல்.

உன் அப்பா