கடைசிச் சுருள்

டண்டினொங்,
8.6.1975

அன்பின் யோகாவுக்கு,

நான் சுகம். உமது சுகத்துக்கும் நல்லூர்க் கந்தன் துணை. தொழிற்சாலையில் பகல் வேலையும் இரவு வேலையும் மாறி மாறி வருவதால் எந்நேரமும் அலுப்பு.

சனிக்கிழமை என்னோடு வேலை செய்யும் பீட்டர் விடாமல் மெல்பேணுக்கு இழுத்துப் போனான், பழைய பேசாப் படம் பார்க்க. பெரிய பிரெஞ்சு நாவலின் படமாம். பார்த்தால், அந்தக் காலத்தில் யாழ்ப்பாணக் கொட்டகையில் உமது அப்பா திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன அதே மாலுமி மனைவியின் படம். முடிவில் கப்பல் வருகிறது, மாலுமி இறங்கி ஓடி வருகிறான் என்று பிறகு வீட்டிலும் கண்கலங்கச் சொல்வாரே? இங்கே கப்பல் வரவேயில்லை. அவள் யன்னலைச் சாத்துகிறாள், படம் முடிகிறது. மனுஷன் ஊரையே ஏமாற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

உம்மை இங்கே கூப்பிடுவதற்கான விசாப் பத்திரங்கள் சாப்பாட்டு மேசை நிறையக் கிடக்கின்றன. நான் கட்டிலில் இருந்துதான் சாப்பிடுகிறேன். கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் நிரப்புவேன்.

அன்புடன்,
சிறிதரன்

நல்லூர்,
2.7.1975

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அப்பா ஏமாற்றவில்லை. கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் படத்தின் கடைசிச் சுருள் இருக்கவில்லை. சனம் எழும்பாமல் இருந்ததாம். அந்த நாவலை அவர் படித்ததும் இல்லை. வெறும் வெள்ளைத் துணியைக் காட்டி, கப்பல் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

கலியாணம் கட்டி நீங்கள் போன இந்த ஆறு வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன். கோயிலில் யார் கேட்டாலும், "ஓம், இந்த வருசம் கூப்பிடுவார்" என்கிறேன். வாய் அலுத்துவிட்டது. படத்துக்கு அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள், பத்திரங்களுக்கு மூன்று. கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் எழுதுங்கள். கோபிக்க மாட்டேன்.

உங்கள்
யோகா

நல்லூர்,
30.11.1975

அத்தானுக்கு,

ஐந்து மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

நேற்றுக் கோயில் வாசலில் பக்கத்து வீட்டு ஞானாம்பிகை அன்ரி, "எப்ப பிள்ளை அவுஸ்திரேலியாவுக்குப் போறாய்?" என்று கேட்டா.

"நான் போகேல்லை அன்ரி. அவர் கூப்பிடேல்லை."

ஆறு வருடத்தில் முதன்முறையாக உள்ளதைச் சொன்னேன். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டா. பயந்த அளவுக்கு அது ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

பத்திரங்களை இனி நிரப்ப வேண்டாம். மேசையைத் துடைத்துவிட்டு, அதில் இருந்து சாப்பிடுங்கள்.

யோகா